ஒரகடத்தில் நிலம் உண்டு; ஆய்வாளர் எங்கே?

வண்டலூரிலிருந்து வாலாசாபாத்து நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் படப்பையைக் கடந்து மேற்கே செல்வோர், ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் இருந்த இடத்தில் இன்று மதிற்சுவர்களையும் உயர்ந்த கொட்டகைகளையுமே காண்பர். மகிழுந்து, சரக்குந்து, ஈருருளி, உருளிப்பட்டை என்று உலகத்தார் ஏறிச் செல்வனவெல்லாம் ஒரகடத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் உருவாகின்றன. அவ்வரிசையில் இப்பொழுது புதியதொன்றும் சேர்ந்துள்ளது. மருத்துவக் கருவிகள் செய்தற்கென்றே ஒரகடத்தில் ஏறத்தாழ 350 ஏக்கர் நிலத்தைத் தமிழ்நாட்டரசின் சிப்காட்டு நிறுவனம் ஒதுக்கியிருக்கின்றது. 2020-இல் நடுவணரசு வகுத்த மருத்துவக் கருவிப் பூங்காத் திட்டத்தின் கீழ், 2021-இல் தெரிவு செய்யப்பெற்ற நான்கு மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. இமாசலமும் உத்தரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் ஏனைய மூன்று. பூங்கா ஒன்றுக்கு நடுவணரசு தரும் நல்கையின் மேல்வரம்பு 100 கோடி உருவா.

வரவேற்கத் தக்க முயற்சிதான். கண்ணில் பொருத்தும் வில்லை முதல் உடலை ஊடுருவிப் படம் பிடிக்கும் பெரும்பொறி வரை, இந்நாட்டு மருத்துவமனைகள் வாங்கும் கருவிகளிற் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்தே வருகின்றது. விலையைப் பிறர் வைக்கின்றனர்; கட்டணத்தை நோயாளி கட்டுகின்றான். ஆகலின் இம்மண்ணிலேயே கருவி செய்வோம் என்பதை மறுப்பார் யாரும் இலர்.

ஆயின் இப்பூங்காவைப் பற்றிய பேச்செல்லாம் நிலம், நீர், மின்விசை, சாலை, பொது ஆய்வுக்கூடம், வரிச்சலுகை என்ற அளவில் நின்றுவிடுகின்றது. கருவியை எண்ணிப் பார்த்து உருவாக்கும் ஆள் யார், அவரை யார் பயிற்றுவது, எத்தனை ஆண்டு பயிற்றுவது, எந்த மொழியிற் பயிற்றுவது என்ற வினாக்களை எழுப்புவார் அரியர். திருப்பெரும்புதூருக்கு இது பழகிய கதை. அங்கே நோக்கியா நிறுமம் 2006-இல் கைப்பேசி செய்யத் தொடங்கியது. 2014 நவம்பரில் ஆலையின் கதவை அடைத்தது. சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து வந்து இரவும் பகலும் முறைமாற்றி உழைத்த பல்லாயிரம் இளைஞர்களும் பெண்களும் வேலையிழந்தனர். வரிச்சிக்கல், உரிமை கைமாறல் எனக் கரணியம் பல கூறினர். அக்கருவியின் உள்ளமைப்பை வரைந்த அறிவு திருப்பெரும்புதூரில் இல்லை என்பதைத்தான் எவரும் கூறவில்லை. பிறர் வரைந்த படத்துக்குத் திருகாணி முடுக்கும் கை, படம் வேறிடம் பெயர்ந்த அன்றே வெறுங்கையாகிவிடும்.

மருத்துவக் கருவி கைப்பேசியினும் ஒருபடி கடியது. கைப்பேசி பழுதானால் பணம் போம். நெஞ்சாங்குலையிற் பொருத்திய ஓரிதழ் பழுதானால் உயிர் போம். எனவே அது பட்டறையிற் பிறப்பதில்லை. நோயாளியின் படுக்கையருகே பிறக்கின்றது. இன்ன குறை இருக்கின்றது என்று காண்பவர் மருத்துவர். அதற்கு இன்ன பொருள் ஒக்கும் என்பவர் வேதியியலார். வடிவம் தருபவர் பொறியாளர். விலங்கினிடத்தும் பிறகு மாந்தரிடத்தும் ஆய்ந்து பார்த்தபின் கிடைத்த பயன் மெய்யா, தற்செயலா என்று கணித்துச் சொல்பவர் புள்ளியியலார். நாள்தோறும் அதைக் கையாண்டு அதன் நிறைகுறை உணர்பவர் செவிலியர். மருத்துவம் என்பதையே நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என்று நான்கு கூறாக வள்ளுவர் பகுத்தார். அவற்றுள் நோயுற்றவனை முதலில் வைத்தார் என்பதும் நோக்கத் தக்கது.

ஆய்வறையிற் கண்டதை நோயாளிக்குப் பயனாக்கும் இத்துறைக்கு ஆங்கிலத்தார் வைத்த பெயர் மொழிபெயர்ப்பு என்ற பொருள்பட அமைந்தது. அதை அப்படியே பெயர்த்து வழங்கினால் தமிழிற் குழப்பமே மிஞ்சும். தமிழில் இதற்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள சொல் ஒன்று இருக்கின்றது: ஆற்றுப்படுத்தல். பரிசில் பெற்று மீள்பவன், வறுமையொடு எதிர்வரும் ஒருவனுக்குத் தான் சென்ற வழியையும் அவ்வழியின் மேடுபள்ளங்களையும் கூறி அனுப்புவது பழந்தமிழ் மரபு. கண்டதைப் பயன்படும் இடத்திற் கொண்டு சேர்ப்பதும் ஆற்றுப்படுத்தலே. கண்டவர் காணப்போகும் இளையவர்க்கு வழிகாட்டுவதும் ஆற்றுப்படுத்தலே. இத்துறையில் முன்னது பின்னதின்றி நடவாது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே நடந்த சான்று உண்டு.

1985-ஆம் ஆண்டின் இறுதி. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியற் பேராசிரியராக இருந்தவர் சுனிதி சாலமன். அவரிடம் மேற்பட்டம் பயின்றவர் செல்லப்பன் நிர்மலா, அகவை 32. பட்டத்துக்கு ஆய்வேடு ஒன்று எழுத வேண்டும். எய்ட்சு என்னும் நோய் மேலை நாடுகளிற் பரவிவந்த காலம் அது. இந்நாட்டில் அது வாராது, அது ஒழுக்கங்கெட்ட மேனாட்டார் நோய் என்று செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டிருந்தன. மும்பையில் எடுத்துப் பார்த்த குருதியிலும் ஒன்றும் அகப்படவில்லை. இந்நிலையில், சென்னையிலே தேடிப் பார் என்று தம் மாணவியிடம் கூறினார் பேராசிரியர். ஒன்றும் கிடைக்காது என்று மாணவி தயங்கினார். எனினும் பார் என்றார்.

தேடும் பணி எளிதன்று. பரத்தமைத் தொழிலில் தள்ளப்பட்ட பெண்களை எங்கே காண்பது என்பதே நிர்மலாவுக்குத் தெரியாது. அரசுப் பொது மருத்துவமனைக்குப் பால்வினை நோய்க்கு மருந்து கொள்ள வந்த பெண்கள் இருவரோடு பழகி, அவர்கள் வாயிலாக மயிலாப்பூரில் அத்தகைய பெண்களை அடைத்து வைத்திருந்த காப்பகத்தை அறிந்தார். நாள்தோறும் அங்கே சென்று, கையுறைதானும் இன்றி, மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோரிடம் குருதி எடுத்தார். குருதியினின்று ஊனீரைப் பிரிக்கச் சிற்றாய்வகம் ஒன்றைப் பேராசிரியரும் மாணவியுமாகத் தாமே அமைத்துக்கொண்டனர். பிரித்ததை வைக்க இடமின்றி, நிர்மலா தம் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே வைத்தார். ஆய்ந்து பார்க்கும் ஏந்து அந்நாளிற் சென்னையில் இல்லை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. அங்கு நச்சுயிரியல் துறையை நடத்திவந்த சேக்கப் சானிடம் பேசி வழிசெய்தவரும் பேராசிரியரே. 1986 பிப்பிரவரியில் நிர்மலா தம் கணவரோடு இரவுத் தொடர்வண்டியில் அவற்றைக் கொண்டு சென்றார். வேலூரில் இளம் ஆய்வாளர் இருவர் உடனிருந்து ஆய்ந்தனர். ஆறு கூறுகள் மஞ்சள் நிறம் காட்டின. அப்பெண்களிடம் மீண்டும் குருதி எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்தனர். இந்நாட்டில் அந்நோய் புகுந்துவிட்டது என்பதை உலகுக்கு அறிவித்த ஆய்வு இதுதான். படப்பைக்கு அணித்தே உள்ள தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை, 1928-இல் சவுரிமுத்து என்னும் தமிழ் மருத்துவர் என்புருக்கி நோயாளர்க்கென நிறுவியது. 1990-களில் இப்புதிய நோயாளரைப் பெருவாரியாக ஏற்று மருத்துவம் செய்ய முன்வந்ததும் அதுவே.

இதில் ஆசிரியர் கொடுத்தது என்ன? பணமும் இல்லை, கட்டடமும் இல்லை. மாணவி தானே எழுப்பத் துணியாத வினா ஒன்றைக் கொடுத்தார். விடை இல்லை என்றே வந்தாலும் ஆய்வு ஆய்வுதான் என்னும் துணிவைக் கொடுத்தார். தம்மிடம் இல்லாததைப் பிறரிடம் கேட்க நாணாமல் வேறொரு கல்லூரியின் கதவைத் தட்டித் திறந்து கொடுத்தார். பெரிய கல்லூரிகள் ஒன்றையொன்று மாற்றார் போல் நோக்கும் நாட்டில் இம்மூன்றாவது கொடை அரிதினும் அரிது.

இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாது விடுவது நேர்மையன்று. 1987-இல் ஆய்வேட்டை அளித்துத் தேர்வு முடித்தபின், நிர்மலா கிண்டியிலுள்ள கிங்கு நோய்த்தடுப்பு நிலையத்தில் தடுப்பூசி செய்யும் பணிக்குச் சென்றுவிட்டார். இத்துணை பெரிய கண்டுபிடிப்பைச் செய்த இளம் மருத்துவர்க்கு அதே வழியில் மேற்செல்ல ஓர் இருக்கையோ, ஊதியமோ, ஆய்வுக்கென ஒதுக்கிய நேரமோ இந்நாட்டில் இல்லை. அவர் பெயரை நாடு நினைவுகூர்வதற்கே முப்பது ஆண்டு ஆயிற்று. மற்றொன்று: எந்த நோயைத் தேடிக் குருதி எடுக்கின்றார் என்பதை அப்பெண்களிடம் அவர் கூறவில்லை, எழுத்தறியாத அவர்களுக்குக் கூறினும் விளங்கியிராது என்று பின்னாளில் அவரே கூறியிருக்கின்றார். இதை அவர் தலையிற் சுமத்துவது முறையன்று. அந்நோயை ஓர் எளிய பெண்ணுக்கு எடுத்துரைக்கும் தமிழை அவருக்கு எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை. கற்பிக்க வேண்டும் என்று எண்ணவும் இல்லை.

ஒருவர் இருவரின் ஊக்கத்தால் நடந்ததை ஒரு நிறுவனமே நடத்திக் காட்டியதும் சென்னையில்தான். 1956-இல் சேத்துப்பட்டில் என்புருக்கி நோய்க்கான மருந்தாய்வு நடுவம் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் கூடி அமைத்தன. முதல் இயக்குநராக வந்தவர் வாலசு பாக்கசு என்னும் ஆங்கிலேயர். காசமென வழங்கும் அந்நோய் கண்டவர் மலைக்காற்றும் நல்லுணவும் முழு ஓய்வும் உள்ள மருத்துவ விடுதியில் இருந்தால்தான் பிழைப்பர் என்பது அதுவரை உலகு கொண்டிருந்த கொள்கை. நோயாளர் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை விடுதியில் வைத்தும், மற்றவரைச் சென்னையின் நெருக்கமான குடியிருப்புகளில் அவரவர் வீட்டிலேயே விட்டும், இருவர்க்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தனர். வீட்டிலிருந்தவருள் நூற்றுக்கு 86 பேரும் விடுதியிலிருந்தவருள் 92 பேரும் நோய் தணிந்தனர். உடனுறைந்த குடும்பத்தாருக்கு நோய் தொற்றுவதிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடில்லை. 1959-இல் வெளிவந்த இம்முடிவு, உலகெங்கும் அந்நோய்க்கு மருத்துவம் செய்யும் முறையையே மாற்றிவிட்டது.

இந்த ஆய்வை மருத்துவர் மட்டும் செய்துவிடவில்லை. மருந்தை நோயாளி உண்கின்றானா, ஒளித்து வைக்கின்றானா என்பதை அறியச் சிறுநீரை ஆய்ந்த வேதியியலார், சொல்லாமற் கொள்ளாமல் வீட்டுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணிய நலப் பார்வையாளர், எண்களைப் பதிந்து கணித்த புள்ளியியலார், சளியை வளர்த்துப் பார்த்த நுண்ணுயிரியலார் அனைவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். குடிசைவாழ் தாயிடம், மேனி தேறிவிட்டாலும் மருந்தை நிறுத்தாதே என்று பன்னிரு திங்கள் சலியாது எடுத்துரைத்தது எம்மொழி என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. அயல்நாட்டு வல்லுநர் படிப்படியாக விடைபெற்றனர். அவரிடம் பயின்ற இந்நாட்டவர் நிறுவனத்தைத் தம் கையில் ஏற்றனர். 2011-இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர் மாறிய அங்கே இயக்குநராக இருந்த சௌமியா சுவாமிநாதன், 2019-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் முதல் தலைமை அறிவியலாளரானார். கற்றுக்கொடுத்து விலகும் ஆசிரியரும், கற்று நிலைத்த மாணவரும் ஒருசேர அமைந்த இடம் அது.

கருவித் துறைக்கும் சான்று தொலைவில் இல்லை. திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் அறுவை மருத்துவர் வலியத்தானும் இளம் பொறியாளர்களும் கூடி நெஞ்சாங்குலைக்குச் செயற்கை ஓரிதழ் செய்தனர். முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. நான்காவது வென்று, 1990 திசம்பரில் ஒருவர்க்குப் பொருத்தப்பெற்றது, டி.டி.கே. நிறுமம் அதைச் செய்து விற்கலாயிற்று. மூன்று முறை தோற்ற இளைஞரை வேலையை விட்டு நீக்காத தலைவர் ஒருவர் இருந்தார் என்பதே அவ்வோரிதழின் உண்மை வரலாறு. மதுரையில் வெங்கடசாமி நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனையை ஒட்டி 1992-இல் தொடங்கிய ஆலை, கண்ணுள் வைக்கும் வில்லையின் விலையை ஏழையின் கைக்கெட்டும் அளவுக்கு இறக்கியது. அங்கும் தொடக்கத்தில் ஆலைக்கும் அறுவைக் கூடத்துக்கும் இடையே நடை தொலைவுதான் இருந்தது.

இன்றைய மருத்துவக் கல்லூரிகளின் நிலை என்ன? மேற்பட்டம் பயிலும் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதுகின்றனர். சட்டம் அவ்வாறு விதிக்கின்றது. நிர்மலா எழுதியதும் அத்தகைய ஏடுதான். ஆனால் இன்று எழுதப்படுவனவற்றுட் பல, முன்னவர் ஏட்டின் தலைப்பை மாற்றி ஊரை மாற்றி எழுதியன என்பது அத்துறையார் வெளிப்படையாகப் பேசிக்கொள்வதே. காலை முதல் மாலை வரை நூற்றுக்கணக்கான நோயாளரைப் பார்க்கும் அரசு மருத்துவர்க்கு மாணவரை அருகிருத்தி வினா எழுப்ப நேரம் ஏது? ஆய்வு நெறிமுறையைக் கற்பிக்கும் அடிப்படைப் பாடம் ஒன்றை, சென்னையிலுள்ள தேசியக் கொள்ளைநோயியல் நிறுவனம் கணினி வழியாக நடத்துகின்றது. இந்தியா முழுதும் மேற்பட்ட மருத்துவ மாணவர் அதைத் தேறியாக வேண்டும். நல்ல பாடம், சென்னைக்குப் பெருமையும் ஆம். ஆனால் திரையிற் பாடம் கேட்டுச் சான்றிதழ் பெறுவதனால் ஆய்வாளர் ஆகிவிட முடியுமா? நன்னூலார் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுச் சொன்னார்: ஆசிரியரிடம் கேட்டு அடைவது கால் பங்கு, உடன்பயில்வாரோடு உசாவி அடைவது கால் பங்கு, எஞ்சிய அரைப்பங்கு, பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் வரும். திரை தருவது அந்த முதற்காலின் ஒரு துண்டு. உடன்பயில்வார் என்பதில் மருத்துவன் பக்கத்திற் பொறியாளனும், பொறியாளன் பக்கத்திற் செவிலியும் அமர்ந்தால்தான் இரண்டாங்கால் கைகூடும். சென்னைத் தொழில்நுட்பக் கழகமும் வேலூர்க் கல்லூரியும் திருவனந்தபுர நிறுவனமும் சேர்ந்து, பொறியாளரை மருத்துவமனைக்குள் இருத்திப் பயிற்றும் பட்டப்படிப்பு ஒன்றை நடத்துகின்றன. அத்தகையது ஒன்று போதாது.

எஞ்சிய அரைப்பங்குக்கு வருவோம். எடுத்துரைத்தல் யார்க்கு, எம்மொழியில்?

1847-இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த சேமுவேல் பிசுக்கு கிரீன் என்னும் மருத்துவர், மானிப்பாயில் மருத்துவப் பள்ளி ஒன்றை நடத்தினார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். கற்றவர் அரசுப் பணி தேடி அயலூர் சென்றனர், சிற்றூரில் தங்கினாரில்லை. 1860-களில் அவர் துணிந்து தமிழுக்கு மாறினார். தாமே தமிழ் கற்று, தம் மாணவரையே துணைகொண்டு, உடற்கூறு, அறுவை, மகப்பேறு, வேதியியல் என்று பெருநூல்களைத் தமிழாக்கினார். 1867-இல் இரணவைத்தியம் வெளிவந்தது, 1872-இல் வைத்தியாகரம். தலைப்பிலேயே வடமொழி நெடி வீசுவது உண்மைதான், உள்ளேயும் அங்ஙனமே. அக்காலத்துப் புலவர் வழக்கு அது. அவ்வெளிநாட்டாரைக் குறைகூறிப் பயனில்லை. குறைகூற வேண்டுவது, அவர் தொடங்கியதைத் தூய்மை செய்து தொடராமல் நூற்றைம்பது ஆண்டைக் கழித்தவரை அன்றோ? அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவரை அவர் உருவாக்கினார். மாணவர் மொழிபெயர்ப்பாளராகவும் ஆசிரியராகவும் வளர்ந்தனர். நன்னூலார் சொன்ன அரைப்பங்கு மானிப்பாயில் நிறைவேறியது. 1873-இல் தாய்நாடு மீண்டபின்னும் 1884-இல் இறக்கும்வரை தமிழ் மருத்துவ நூற்பணியை அவர் கைவிடவில்லை.

ஆங்கிலமின்றி அறிவியல் ஏது என்பார் உளர். ஆங்கிலம் வேண்டாம் என்று ஈண்டு யாரும் கூறவில்லை. உலகத்தாரோடு பேச ஆங்கிலம் வேண்டும். உற்றாரோடு எண்ணத் தாய்மொழி வேண்டும். 2012-இல் நோபெல் பரிசில் பெற்ற சப்பானியர் யமனாக்கா, எலும்பு முறிவு மருத்துவராகப் பயின்று, பின்னர் ஆய்வறை புகுந்தவர். தம் மருத்துவக் கல்வியைச் சப்பானிய மண்ணிலே பெற்றவர். 2015-இல் அப்பரிசிலைப் பெற்ற சீனப் பெண் தூ யூயூ, முனைவர் பட்டமும் பெறாதவர். ஆயிரத்தறுநூறு ஆண்டுப் பழைய சீன மருத்துவ நூலைத் தம் மொழியிற் படித்து, அதிற் கண்ட குறிப்பின்வழி முறைக்காய்ச்சலுக்கு மருந்து கண்டார்; அம்மருந்தின் சாற்றை முதலில் தாமே உண்டு பார்த்தார். சித்தர் நூல்களை வைத்துக்கொண்டு, அவற்றைப் படிக்கத் தெரியாத மருத்துவரையும், மருத்துவம் தெரியாத புலவரையும் தனித்தனியே வளர்த்துவரும் நாடு தமிழ்நாடு.

மொழி இன்றியமையாத இடம் மற்றொன்று உண்டு. ஒரகடத்திற் செய்யப்போகும் கருவிகளை முதலில் எவர் உடலில் ஆய்ந்து பார்ப்பர்? வேலையிடத்தில் விரல் நசுங்கியும், இடுப்பு முறிந்தும், மூச்சிரைத்தும் அரசு மருத்துவமனைக்கு வருகின்ற படப்பை, ஒரகடம், வல்லக்கோட்டைச் சிற்றூரார் உடலில்தான் என்று கருத இடமுண்டு. மருத்துவக் கருவிகளுக்கென 2017-இல் வகுத்த விதிகளும், மருந்தாய்வுக்கென 2019-இல் வகுத்த விதிகளும், ஆய்வுக்கு உட்படுவோர்க்கு எல்லாவற்றையும் விளக்கி எழுத்தில் இசைவு பெற வேண்டும் என்கின்றன. அவர்க்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்பது அதன் உயிர்நிலை. நடப்பதோ வேறு. ஆங்கிலத்தில் எழுதிய பத்துப் பக்கத்தை, துறையறியா எவரோ சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தர, அது தமிழெழுத்தில் அச்சான ஆங்கிலமாகவே நோயாளி கைக்கு வருகின்றது. எங்கே கையெழுத்திடுவது என்பது மட்டுமே அவனுக்குப் புரிகின்றது.

இருவகை மருத்துவத்துள் எது யார்க்கு என்பதைக் குலுக்கலால் முடிவு செய்யும் முறையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிவைத்தால் விளங்குமா? “உங்களுக்கு இது கொடுப்பதா அது கொடுப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்ய மாட்டார், காசு சுண்டிப் பார்ப்பது போல எது விழுகின்றதோ அது” என்று சொன்னால், எழுத்தறியாத கிழவிக்கும் விளங்கும், விளங்கியபின் வேண்டாமென்று சொல்லும் உரிமையும் அவளுக்கு மெய்யாகவே கிட்டும். மருந்துப்பொருள் இல்லாத மாத்திரையை வெறுமாத்திரை என்றால் போதும். இத்தமிழைச் சொல்லித் தருவதற்குத் தமிழாசிரியர் ஒருவர் மருத்துவக் கல்லூரியில் இருந்தால் என்ன குடிமுழுகிப்போம்? உடற்கூற்றுக்கு ஆசிரியர் உண்டு, புள்ளியியலுக்கு ஆசிரியர் உண்டு, நோயாளியோடு பேசுவதற்கு மட்டும் ஆசிரியர் இல்லை. தன் ஆய்வைத் தமிழில் ஒரு பக்கம் எழுதத் தெரியாத இளைஞர், அதைத் தாமே தெளிவாக அறிந்திருக்கின்றாரா என்பதும் ஐயத்துக்குரியது.

எனவே பூங்காவுக்கு நிலம் ஒதுக்கிய அரசை நோக்கிக் கேட்க வேண்டுவன சில உள. பூங்காவினுள், ஆலைகளுக்கு விட்டதுபோக ஒரு சிறு பகுதியில், செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி, தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை, அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் இளையோர் ஒன்றாய் அமர்ந்து பயிலும் கூடம் ஒன்று எழட்டும். மருத்துவர்க்குக் கிழமையில் இரண்டு நாளேனும் நோயாளர் வரிசையிலிருந்து விடுப்பளித்து, அந்நாளைய ஊதியத்தை அரசே தரட்டும். வழிகாட்டும் மூத்தோரின் பதவி உயர்வில், அவர் எழுதிய கட்டுரையை எண்ணுவது போல, அவர் வளர்த்த மாணவரையும் எண்ணட்டும். ஆய்வு முடித்த இளையவர்க்கு ஐந்தாண்டுக்கேனும் உறுதியான இருக்கை வேண்டும். இன்றேல் நிர்மலாவுக்கு நேர்ந்ததே ஒவ்வொருவர்க்கும் நேரும். பூங்காவில் இடம் பெறும் நிறுமம் ஒவ்வொன்றும், இக்கூடத்து மாணவர் சிலரைத் தன் வரைபட அறைக்குள் ஏற்க வேண்டும் என்பது குத்தகை உடன்பாட்டிலேயே எழுதப்படட்டும். பொருத்துக் கொட்டகைக்குள் மட்டும் ஏற்பதாயின் அவ்வுடன்பாடு வேண்டியதில்லை. இசைவுப் படிவம் ஒவ்வொன்றும் முதலில் தமிழில் எழுதப்பெற்று, படப்பைச் சந்தையில் நிற்கும் பத்துப்பேருக்குப் படித்துக் காட்டப்பெற்ற பின்னரே ஒழுக்கநெறிக் குழுவின் முன் செல்லட்டும்.

2020-இல் தமிழ்நாட்டரசு இயற்றிய சட்டத்தால், அரசுப் பள்ளியிற் பயின்ற மாணவர்க்கு மருத்துவ இடங்களில் நூற்றுக்கு 7.5 ஒதுக்கப்பெற்றது. தமிழ்வழியிற் பயின்ற உழவர், கூலியாளர் மக்கள் வெள்ளை மேலங்கி அணிந்தனர். முதலில் நுழைந்த அவ்வணி ஐந்தரை ஆண்டுப் படிப்பை முடித்து வெளிவருகின்ற காலம் இது. நோயாளியின் மொழி அவர்களுக்குத் தாய்மொழி. அவனது குடிசையும் அவர்கள் அறிந்ததே. அவர்களுள் ஒருவரை அழைத்து, இன்னது நோக்கித் தேடிப் பார் என்று சொல்வதற்கு எத்தனை பேராசிரியர் இருக்கின்றனர் என்பதைச் சென்னையில் உள்ளோர் எண்ணிச் சொல்லட்டும்.